புது மாத்திரை போட்ட பிறகு அம்மாவுக்கு ‘உப்பு’ ஏறிவிட்டது, நிறுத்தலாமா?

பச்சைத்தேயிலை
ஜனவரி 6, இரவு 10.40

எல்லோருக்கும் வணக்கம். அம்மாவுக்கு வயது 66, சர்க்கரை வந்து 19 வருஷம். கோத்தகிரியில் இருந்து கட்டபெட்டு தாண்டிப் போனால் எங்கள் ஊர். வீட்டைச் சுற்றி ஒன்றரை ஏக்கர் தேயிலை. அங்கே அப்பாவும் அம்மாவும் மட்டும்தான். நான் திருப்பூரில் வேலை, மாதம் ஒரு தடவை மலையேறுவேன்.

பல வருஷமாக ஒரே சீட்டில்தான் மாத்திரை ஓடிக்கொண்டிருந்தது. கால் வீங்கியதால் நவம்பரில் கோவைக்குக் கூட்டிப்போய் முதல்முறையாகச் சிறுநீரக மருத்துவரிடம் காட்டினேன். சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியாட்டினின் ரத்தத்தில் 1.5. ஊரில் சொல்வதுபோலச் சொன்னால் ‘உப்பு ஒன்றரை’. இஜிஎஃப்ஆர், அதாவது சிறுநீரகம் எவ்வளவு வடிகட்டுகிறது என்ற கணக்கு, 38. சிறுநீரில் புரதமும் போகிறது. அவர் சீட்டையே மாற்றி எழுதி, டாபாகிளிஃப்ளோசின் 10 என்று ஒரு மாத்திரையைப் புதிதாகச் சேர்த்தார். ஆறு வாரம் கழித்து, போன வாரம் மேட்டுப்பாளையத்தில் ரத்தம் கொடுத்தோம். 1.7 என்று வந்திருக்கிறது. இஜிஎஃப்ஆர் 33.

அது போதாதென்று ஜனவரி 2ஆம் தேதி இன்னொன்று. ராத்திரி 2 மணிக்கு அப்பா எழுந்து பார்த்தால் அம்மாவுக்குப் பேச்சு குழறுகிறது. வெளியே புல்லெல்லாம் உறைபனி. அம்மாவின் ஸ்வெட்டரோ முதுகுப் பக்கம் பிழிகிற அளவுக்கு வேர்த்து நனைந்திருக்கிறது. மீட்டரில் 44. சர்க்கரைத் தண்ணீர் கொடுத்ததும் தெளிந்துவிட்டார். அப்பாடா என்று படுத்தால் நாலரை மணிக்கு மறுபடி கைநடுக்கம், 58.

இரண்டுமே புது மாத்திரைக்குப் பிறகு நடந்தவை. ‘அந்த மாத்திரையைத் தூக்கி எறி’ என்கிறார் அப்பா. மருத்துவர் வெளிநாடு போயிருக்கிறார், மாதக் கடைசியில்தான் வருவாராம். நிறுத்தலாமா?

கூடலூர்_ஜீப்
ஜனவரி 6, இரவு 11.05

நிறுத்துங்க பாஸ். எங்கப்பா 12 வருஷம் மெட்ஃபார்மின் போட்டார். கடைசியில் என்ன ஆச்சு? வாரம் ரெண்டு தடவை டயாலிசிஸ். சர்க்கரைக்கு மாத்திரை கொடுப்பான், அது கிட்னியைத் தின்னும், அப்புறம் கிட்னிக்கு மாத்திரை கொடுப்பான். இதுதான் சுழற்சி.

கல்லாப்பெட்டி
ஜனவரி 7, காலை 6.50

குன்னூரில் 22 வருஷமாக மருந்துக்கடைக் கவுன்ட்டருக்குப் பின்னால் நிற்பவன். மருத்துவர் இல்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

தம்பி, எதையும் தூக்கி எறியாதீர்கள். நீங்கள் சொன்ன இரண்டு சம்பவமும் ஒன்றோடொன்று சேர்ந்தது போலத் தெரியும், ஆனால் இரண்டும் வேறு. உப்பு ஏறியது ஒரு கதை. சர்க்கரை 44க்கு இறங்கியது தனிக் கதை. டாபாகிளிஃப்ளோசின் தனியாக நின்று ஒருவரை 44க்குக் கொண்டுபோவது அரிது. அதுவும் இஜிஎஃப்ஆர் 38 இருக்கிறவருக்கு அந்த மாத்திரை சர்க்கரையைக் குறைப்பதே கொஞ்சம்தான். அதைக் கொடுத்திருப்பது சிறுநீரகத்தைக் காப்பாற்ற.

அம்மா சாப்பிடும் எல்லா மாத்திரையையும் பெயர், மில்லிகிராம், எந்த வேளை என்று எழுதுங்கள். பழைய சீட்டில் என்ன இருந்தது என்பதும் வேண்டும். வலி மாத்திரை, கஷாயம், பக்கத்து வீட்டில் கொடுத்தது, எதையும் விடாதீர்கள்.

ஸ்டெத்
ஜனவரி 7, காலை 8.15

பொது மருத்துவத்தில் மேற்படிப்பு படிக்கிறேன். சொந்த ஊர் குந்தா. உப்பு ஏறிய கதையை மட்டும் நான் எடுத்துக்கொள்கிறேன்.

நம் ஊரில் மேட்டுத் தொட்டியில் இருந்து கீழ் வீட்டுக்கு ஹோஸ் போடுவோம் இல்லையா? சரிவு அதிகமானால் அழுத்தம் தாங்காமல் ஹோஸ் வெடிக்கும். சர்க்கரை நோயில் சிறுநீரக வடிகட்டிகளுக்குள் நடப்பது ஏறக்குறைய அதுதான். உள்ளே வரும் ரத்தக்குழாய் விரிந்து, வடிகட்டியில் அழுத்தம் கூடிக்கூடி, புரதம் ஒழுக ஆரம்பிக்கும். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் வகை மாத்திரைகள் அந்த உள்வழியைக் கொஞ்சம் இறுக்குகின்றன. தொட்டிப் பக்கம் வால்வைக் கால் திருப்பு மூடுவதுபோல. குடம் நிறைய நேரமாகும், ஆனால் ஹோஸ் நிற்கும். குடம் மெதுவாக நிறைவதைத்தான் லேப் தாள் ‘கிரியாட்டினின் 1.7’ என்று காட்டுகிறது.

முதல் சில வாரங்களில் இஜிஎஃப்ஆர் கொஞ்சம் இறங்குவது எதிர்பார்த்ததே. தொடங்கிய இடத்தில் இருந்து 30 சதவீதத்துக்கு மேல் இறங்கினால்தான் வேறு காரணம் தேடுவார்கள். உங்கள் அம்மாவுக்கு 38இல் இருந்து 33. கணக்குப் போட்டால் 13 சதவீதம். போதாததற்கு இரண்டு வேறு லேப். ஒரே ஆளுக்கு 0.1 வித்தியாசம் லேப் மாறினாலே வரும்.

இது யாரோ வாய்வழியாகச் சொன்னது இல்லை. 2019இல் கானாகிளிஃப்ளோசினை வைத்து நடந்த கிரெடென்ஸ் ஆய்வு, 2020இல் டாபா-சிகேடி. இரண்டாவதில் 4,304 பேர், மூன்றில் ஒருவருக்குச் சர்க்கரையே கிடையாது. சிறுநீரகம் பாதியாகச் சரிவது, டயாலிசிஸ் வரை போவது, சிறுநீரக நோயாலோ இதய நோயாலோ இறப்பது, எல்லாம் சேர்த்து 39 சதவீதம் குறைந்தது. பலன் தெளிவாகத் தெரிந்ததால் ஆய்வையே முன்கூட்டி நிறுத்தினார்கள்.

@கூடலூர்_ஜீப் அண்ணா, மெட்ஃபார்மின் கிட்னியைத் தின்பதில்லை. அப்பாவுக்கு நேர்ந்ததற்கு வருந்துகிறேன். ஆனால் 12 வருஷச் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் செய்ததை மாத்திரையின் கணக்கில் எழுதிவிட்டீர்கள்.

கூடலூர்_ஜீப்
ஜனவரி 7, காலை 9.30

அப்படின்னா கிட்னி போனதும் மெட்ஃபார்மினை ஏன் முதல் வேலையா நிறுத்தச் சொல்றாங்க? பதில் இருக்கா?

ஓய்வுபெற்ற_சிஸ்டர்
ஜனவரி 7, பகல் 1.20

இருக்கிறது தம்பி. நீங்கள் ஜீப் ஓட்டுபவர், உங்களுக்குச் சட்டென்று புரியும். மழைக்காலத்தில் நடுவட்டம் ரோட்டில் மண் சரிந்தால் லாரிகள் வரிசையாகத் தேங்கும். லாரி தேங்கியதால் மண் சரியவில்லை. மெட்ஃபார்மின் உடம்பில் உடைவதே இல்லை, போட்டது போட்டபடி சிறுநீரில்தான் வெளியேற வேண்டும். சிறுநீரகம் சரிந்தால் அது ரத்தத்தில் தேங்கும். தேங்கினால் சிலருக்கு ரத்தத்தில் லாக்டிக் அமிலம் ஏறி உயிருக்கே ஆபத்தாகும். அதனால்தான் இஜிஎஃப்ஆர் 45க்குக் கீழே வந்தால் பாதியாக்கு, நாளைக்கு மொத்தம் 1000 மில்லிகிராம் தாண்டாதே, 30க்குக் கீழே போனால் நிறுத்து என்கிறார்கள்.

இன்னொன்று. ‘உப்பு 1.7 தானே’ என்று யாரும் அந்த ஒற்றை எண்ணை நம்பாதீர்கள். அது 66 வயது ஆணுக்கு இஜிஎஃப்ஆர் 44. அதே 1.7 அதே வயதுப் பெண்ணுக்கு 33. ஒரே எண், ஆனால் ஒருவருக்கு மெட்ஃபார்மினைப் பாதி அளவில் ஓரளவு நிம்மதியாகப் போடலாம், இன்னொருவர் விளிம்பில் நிற்கிறார். நான் வேலையில் இருந்த காலத்தில் கிரியாட்டினினை மட்டும் பார்த்து மாத்திரை முடிவு செய்வார்கள். அமெரிக்காவிலேயே 2016 வரை பெண்ணுக்கு 1.4, ஆணுக்கு 1.5 என்றுதான் எல்லை வைத்திருந்தார்கள். அதற்குப் பிறகுதான் இஜிஎஃப்ஆருக்கு மாற்றினார்கள்.

@பச்சைத்தேயிலை, அன்று இரவு அப்பா செய்தது சரி. ஆனால் ஒரு தடவை தெளிந்ததும் படுத்தது தப்பு. இனிமேல் அப்படி நடந்தால் சர்க்கரைத் தண்ணீருக்குப் பிறகு கால்மணி நேரத்தில் மறுபடி குத்திப் பார்க்கணும், ஏறியதும் இட்லியோ ரொட்டியோ ஏதாவது வயிற்றுக்குப் போகணும், 108ஐயும் கூப்பிடணும். மலை ரோட்டில் வண்டி வந்து சேரும் நேரத்தையும் கணக்கில் வையுங்கள். இரண்டாவது முறை இறங்கியதுதான் என்னை உறுத்துகிறது. அப்படித் திரும்பத் திரும்ப இறக்குவதற்கென்று ஒரு மாத்திரை வகை உண்டு. பட்டியலைப் போடுங்கள், பார்ப்போம்.

பச்சைத்தேயிலை
ஜனவரி 7, இரவு 9.45

போனில் அம்மாவிடம் கேட்டு எழுதுகிறேன்.

காலை: டாபாகிளிஃப்ளோசின் 10, லினாகிளிப்டின் 5, மெட்ஃபார்மின் 500, பிரஷருக்கு டெல்மிசார்டன் 40. இரவு: மெட்ஃபார்மின் 500, கொழுப்புக்கு அட்டோர்வாஸ்டாட்டின் 10.

பழைய சீட்டில் மெட்ஃபார்மின் 1000 + கிளிமிபிரைட் 2 சேர்ந்த ஒரே மாத்திரை, காலை ஒன்று இரவு ஒன்று. அதைக் கோவை மருத்துவர் நவம்பரிலேயே கோடு போட்டு அடித்துவிட்டார்.

சர்க்கரையின் மூன்று மாதச் சராசரி (எச்பிஏ1சி) 6.3 இருந்தது. பழைய கிளினிக்கில் ‘பாட்டி நூற்றுக்கு நூறு’ என்று பாராட்டினார்கள். ஹீமோகுளோபின் 9.8.

கல்லாப்பெட்டி
ஜனவரி 7, இரவு 10.30

தம்பி, கணக்கு இடிக்கிறது. காலை, இரவுப் பட்டியலில் இருப்பதில் தனியாக நின்று 44க்கு இறக்கும் மாத்திரை ஒன்றுகூட இல்லை. லினாகிளிப்டின் சாப்பாடு உள்ளே போனால்தான் வேலை காட்டும், தவிர அது பெரும்பாலும் பித்தம், குடல் வழியாகப் போய்விடும், சிறுநீரக நோயாளிக்கு அளவு மாற்றவே வேண்டாம். சிட்டாகிளிப்டின் என்றால் 100ஐ 50, 25 என்று குறைக்கணும். வில்டாகிளிப்டின் என்றாலும் இரண்டு வேளையை ஒரு வேளை ஆக்கணும். உங்கள் மருத்துவர் யோசித்துத்தான் லினாவைப் பிடித்திருக்கிறார்.

ஆள் யாரென்றால், அடித்த கோட்டுக்குக் கீழே இருக்கிறாரே அந்த கிளிமிபிரைட். சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் கணையத்தைப் பிழிந்து இன்சுலினை வெளியே தள்ளும் வகை. அது உடைந்து வரும் பொருளுக்கும் வேலை செய்யும் சக்தி உண்டு, அதுவும் சிறுநீரில்தான் போகணும். சிறுநீரகம் பலவீனமானால் ராத்திரி முழுக்க உள்ளேயே உட்கார்ந்திருக்கும். இதே குடும்பத்தில் அண்ணன் கிளிபென்கிளமைடு இன்னும் மோசம், சிறுநீரகம் கெட்டவருக்கு அது வேண்டவே வேண்டாம் என்பார்கள். இந்தக் குடும்பத்தில்தான் வேண்டுமென்றால் கிளிப்பிசைடு, கிளிக்ளாசைடு பரவாயில்லை.

வருகிற வாரக்கடைசி நேரில் போங்கள். அம்மா வாயால் சொல்வதைக் கேட்காதீர்கள், டப்பாவைத் திறந்து பாருங்கள். 22 வருஷத்தில் நான் கற்றது இது ஒன்றுதான்.

மூலிகைத்தோட்டம்
ஜனவரி 8, காலை 7.10

இத்தனை ரசாயனம் எதற்கு? ஆவாரம்பூ கஷாயம் காலையில், சிறுகண்பீளை சாயங்காலம். என் பெரியம்மா நாற்பது வருஷமாகச் சர்க்கரையோடு நன்றாகத்தான் இருக்கிறார்.

ஸ்டெத்
ஜனவரி 8, காலை 7.55

பெரியம்மாவின் கிரியாட்டினின் தெரியுமா? கிண்டலுக்குக் கேட்கவில்லை. மூலிகை மேல் எனக்குப் பகை இல்லை. மெட்ஃபார்மினின் பூர்வீகமே ஐரோப்பாவில் சர்க்கரைக்குக் கொடுத்து வந்த கலேகா என்ற ஒரு செடிதான். டாபாகிளிஃப்ளோசினின் மூதாதை ஆப்பிள் மரப்பட்டையில் இருந்து 1835இல் பிரித்தெடுத்த ஃபுளோரிசின். ஆனால் செடியாக இருந்தபோது இல்லாத ஒன்று மாத்திரையில் இருக்கிறது, அளவு. இஜிஎஃப்ஆர் 33 இருக்கும் ஒருவருக்கு எத்தனை மில்லிகிராம் என்று கஷாயத்தில் யாராலும் சொல்ல முடியாது. மாத்திரையோடு சேர்ந்து அதுவும் சர்க்கரையை இறக்கினால் மறுபடி ஒரு 44.

இயற்கை என்றதும் ஞாபகம் வருகிறது. ஊட்டியில் சுற்றுலாக்காரர்களுக்கு நட்சத்திரப் பழத்தை நறுக்கி மிளகாய்த்தூள் தூவி விற்பார்களே, சிறுநீரகம் பழுதானவர்கள் அதைத் தொடவே கூடாது. விடாத விக்கல், குழப்பம், வலிப்பு வரை போகும். செடியில் காய்த்ததுதான் அதுவும்.

மலைப்பூண்டு
ஜனவரி 8, இரவு 8.40

நான் நீலகிரி இல்லை, கொடைக்கானல் மேல்மலை, மன்னவனூர் பக்கம். தாய்மாமா கதையைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

அவருக்கு 15 வருஷமாக இன்சுலின், கூடவே மாத்திரை. மூன்று வருஷம் முன்னால் திடீரென்று சர்க்கரை தானாகக் குறைய ஆரம்பித்தது. 30 யூனிட் போட்டவர் 20, அப்புறம் 12 என்று வந்தார். பூண்டு அறுவடை முடிந்த சமயம். வீட்டில் ஒரே சந்தோஷம். ‘மாமாவுக்குச் சர்க்கரை குணமாயிடுச்சு’ என்று அத்தை பூம்பாறை முருகனுக்கு வேண்டுதல்கூடச் செலுத்தினார். ஒருநாள் தோட்டத்திலேயே மயங்கி விழுந்தார். வத்தலகுண்டுக்கு இறக்கி, அங்கிருந்து மதுரை. கிரியாட்டினின் 5 தாண்டியிருந்தது.

இன்சுலினைச் சுத்திகரித்து வெளியேற்றுவதில் சிறுநீரகத்துக்குப் பெரிய பங்கு உண்டு, அது தளர்ந்தால் போட்ட இன்சுலின் உடம்பில் அதிக நேரம் நிற்கும் என்று அங்கேதான் சொன்னார்கள். சிறுநீரகமே கொஞ்சம் சர்க்கரை தயாரித்துக் கொடுக்குமாம், அதுவும் குறைந்துபோகும். நாங்கள் குணம் என்று கொண்டாடியது அதைத்தான். அதனால் அந்த 6.3ஐப் பார்த்ததும் எனக்குத் திக்கென்றது.

ஓய்வுபெற்ற_சிஸ்டர்
ஜனவரி 8, இரவு 9.15

மலைப்பூண்டு சொன்னதைப் பத்துப் பேருக்காவது படித்துக் காட்டுங்கள். டயாலிசிஸ் வார்டில் இந்தக் கதையை வெவ்வேறு ஊர்ப் பெயரோடு பல தடவை கேட்டிருக்கிறேன்.

6.3 பற்றி இன்னொரு சந்தேகம். ஹீமோகுளோபின் 9.8 என்றால் ரத்தசோகை. மூன்று மாதச் சராசரி என்பது சிவப்பணுவில் ஒட்டியிருக்கும் சர்க்கரையை அளப்பது. சிவப்பணுவே குறைவாக, ஆயுள் மாறி இருந்தால் அந்த எண் ஏமாற்றும். இந்த நிலையில் விரலில் குத்திப் பார்ப்பதுதான் நம்பகம். அதிலும் ராத்திரி 2, 3 மணிக்கு ஒரு நாளாவது.

நம் குளிருக்கு ஒரு விஷயம். மீட்டரும் ஸ்ட்ரிப்பும் பெரும்பாலும் 10 டிகிரிக்குக் கீழே சரியாக வேலை செய்யாது, டப்பாவிலேயே போட்டிருப்பார்கள். ஜனவரியில் சமையலறை அலமாரியில் வைத்தால் காலையில் எர்ரர் காட்டும், இல்லையென்றால் தப்பாகக் காட்டும். போர்வைக்குள் கொஞ்ச நேரம் வைத்துவிட்டு எடுங்கள். விரலை வெந்நீரில் நனைத்துத் துடைத்துவிட்டுக் குத்துங்கள். விறைத்த விரலைப் பிதுக்கினால் ரத்தத்தோடு திசுநீரும் சேர்ந்து வரும்.

பச்சைத்தேயிலை
ஜனவரி 10, இரவு 8.20

கல்லாப்பெட்டி அண்ணா, நீங்கள் மந்திரவாதியா?

இன்று மதியம் போய்ச் சேர்ந்தேன். சாமி படத்துக்குப் பக்கத்தில் ஒரு பிஸ்கட் டின். மேலே புது மாத்திரைகள் ஒழுங்காக, ரப்பர் பேண்ட் போட்டு. கீழே நியூஸ்பேப்பரை விலக்கினால் பழைய இரட்டை மாத்திரை, இரண்டு முழு அட்டை, இன்னொன்றில் கொஞ்சம் காலி.

‘என்னம்மா இது?’ என்றேன். ‘ராத்திரிக்குப் போடுறது’ என்றார், நான் ஏதோ கேட்கக்கூடாததைக் கேட்டதுபோல. அக்டோபரில் மூன்று மாதத்துக்கு மொத்தமாக வாங்கியதாம். மாத்திரை வாங்க டவுனுக்குப் போய்வந்தால் பஸ் காசும் போகும், ஒருநாள் கொழுந்து பறிப்பதும் போகும். ‘காசு கொடுத்து வாங்கினதை வீசவா சொல்ற? புதுசு பகலுக்கு, பழசு ராத்திரிக்கு. முடிஞ்சதும் நிறுத்திடுவேன்.’ நவம்பரில் இருந்து தினமும் இதுதான் நடந்திருக்கிறது. 1ஆம் தேதி இரவு வயிறு சரியில்லை என்று அரை டம்ளர் கஞ்சி குடித்துவிட்டு, மாத்திரையை மட்டும் தவறாமல் போட்டிருக்கிறார்.

கெட்ட கனவு வருகிறது, காலையில் தலை பாரமாக இருக்கிறது என்று ஒரு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். குளிர் என்று நினைத்தோம்.

டின்னில் இன்னொன்றும் இருந்தது. அசிக்ளோஃபெனாக். கொழுந்து பறித்துவிட்டு வந்தால் முழங்கால் வலி, வாரத்துக்கு இரண்டு மூன்று. ‘அது கால் வலி மாத்திரை, சுகர் மாத்திரை இல்லையே, அதான் சொல்லலை.’

கல்லாப்பெட்டி
ஜனவரி 10, இரவு 9.00

மந்திரம் எல்லாம் இல்லை. எங்கள் வீட்டிலேயே மாமியார் இதைத்தான் செய்தார்.

கூட்டிப் பாருங்கள். புதுச் சீட்டு மெட்ஃபார்மின் 1000, பழைய ராத்திரி மாத்திரையில் இன்னொரு 1000. இஜிஎஃப்ஆர் 33க்கு இரட்டிப்பு அளவு. நல்லவேளை, அது வேறு விதமாகத் திரும்பவில்லை. இந்த இரட்டை மாத்திரைகளில் எனக்குப் பிடிக்காத விஷயமே இதுதான். விலை குறைவு, ஒரே விழுங்கு, எல்லாம் சரி. ஆனால் ஒன்றைக் குறைத்து மற்றதை வைத்துக்கொள்ள முடியாது. பாதியாக உடைக்கலாமா என்று கேட்பார்கள். எஸ்ஆர் என்று போட்டிருந்தால் உடைக்கவே கூடாது, மெதுவாக வெளிவர வேண்டியது மொத்தமாக வந்துவிடும். சிறுநீரகம் பாதித்தவருக்குத் தனித்தனி மாத்திரைதான் வசதி.

அசிக்ளோஃபெனாக்கையும் எடுத்துவிடுங்கள். டெல்மிசார்டன் போடுபவர் வலி மாத்திரையும் போட்டால் சிறுநீரக வடிகட்டிக்கு ரத்தம் வரும் வழி, போகும் வழி இரண்டிலும் கை வைத்த மாதிரி. 1.7இல் அதற்கும் பங்கு இருக்கலாம். இப்போதைக்குப் பாராசிட்டமால், அளவோடு. வெளிநாடு போன மருத்துவரின் கிளினிக்கில் அவர் இடத்தில் யாராவது பார்ப்பார்கள், திங்கட்கிழமை போன் போட்டு இரண்டு அட்டையின் பெயரையும் படித்துக் காட்டுங்கள். டாபாவை நிறுத்துவதா வேண்டாமா என்று அவர்கள் வாயால் கேளுங்கள், எங்கள் பேச்சை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள்.

ஒன்பதாம்வளைவு
ஜனவரி 11, காலை 10.10

நடுவில் ஒரு சந்தேகம், மன்னிக்கவும். எங்கள் வீட்டிலும் பெரியவருக்கு இதே டாபா மாத்திரை. ஹெத்தையம்மன் பண்டிகைக்கு விரதம் இருந்து, வெள்ளை உடுத்திக் கால்நடையாகப் போவார். சொன்னாலும் கேட்கமாட்டார். அன்றைக்கு மாத்திரை போடலாமா? விலையும் கொஞ்சம் சொல்லுங்கள், மாதாமாதம் கட்டுபடியாகவில்லை.

ஸ்டெத்
ஜனவரி 11, பகல் 12.30

நல்ல கேள்வி. நீண்ட விரதம், வாந்தி, பேதி, அறுவை சிகிச்சை, இந்தச் சமயங்களில் டாபா வகையை நிறுத்தி வைக்கச் சொல்வோம். சாப்பாடு உள்ளே போகாமல் அந்த மாத்திரை மட்டும் போனால் உடம்பு கொழுப்பை எரித்துக் கீட்டோன் அமிலம் ஏறலாம். மோசம் என்னவென்றால் அப்போது மீட்டரில் சர்க்கரை 180, 200 என்று சாதாரணமாகத்தான் காட்டும். ஆள் மட்டும் மூச்சு வாங்கி, வாந்தி எடுத்து, துவண்டு போவார். வாந்திபேதி நாட்களில் மெட்ஃபார்மின், டெல்மிசார்டன், நீர் மாத்திரை இவற்றையும் நிறுத்தி வைக்கச் சொல்வதுண்டு. இயல்பாகச் சாப்பிட்டுக் குடிக்க ஆரம்பித்த பிறகு மறுபடி தொடங்கலாம். எத்தனை நாள் முன்னால் நிறுத்துவது, எப்போது தொடங்குவது என்று பண்டிகைக்கு முன்பே அவருடைய மருத்துவரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

குளிரில் நம் ஆட்கள் தண்ணீரே குடிப்பதில்லை. தாகம் தெரியாது. டீயோடு சரி. இந்த மாத்திரை சிறுநீரில் சர்க்கரையையும் நீரையும் வெளியேற்றும். இதயத்துக்காகத் தண்ணீரைக் குறைக்கச் சொன்னவர்கள் தவிர மற்றவர்கள் கவனித்துக் குடிக்கணும். அந்தரங்க இடத்தில் அரிப்பு, பூஞ்சை வரலாம். பெரியவர்கள் வெட்கப்பட்டுச் சொல்லமாட்டார்கள், நீங்கள்தான் கேட்கணும். நன்றாகக் கழுவித் துடைத்தாலே பாதி போய்விடும்.

கல்லாப்பெட்டி
ஜனவரி 11, பகல் 2.00

விலைக்கு நான். டாபாகிளிஃப்ளோசின் காப்புரிமை 2020 அக்டோபரில் முடிந்ததும் பல கம்பெனிகள் இறங்கி விலை சரிந்தது. லினாகிளிப்டின் 2023இல். எம்பாகிளிஃப்ளோசின் 2025 மார்ச்சில். பழைய பிராண்டையே பிடித்துக்கொண்டிருப்பவர்கள்தான் இன்னும் கட்டுபடியாகவில்லை என்கிறார்கள். மக்கள் மருந்தகத்திலும், 2025 பிப்ரவரியில் தொடங்கிய முதல்வர் மருந்தகத்திலும் மூலப்பெயரைச் சொல்லிக் கேளுங்கள். (என் வயிற்றில் நானே மண் போட்டுக்கொள்கிறேன், பரவாயில்லை.) ‘மக்களைத் தேடி மருத்துவம்’ சிஸ்டர் வீட்டுக்கு வந்தால் தனியாரில் வாங்குவதையும் எடுத்துக் காட்டுங்கள். ஒரே மருந்து இரண்டு பெயரில் இரண்டு வழியாக வீட்டுக்குள் வருவது நான் அடிக்கடி பார்ப்பது.

கூடலூர்_ஜீப்
ஜனவரி 11, இரவு 10.45

லாரி, மண்சரிவு உதாரணம் ரெண்டு நாளா மண்டைக்குள்ள ஓடுது. அப்பாவோட பழைய ஃபைலை எடுத்துப் பார்த்தேன். 2014லேயே சிறுநீரில் புரதம் ‘++’னு எழுதியிருக்கு. நாங்க யாரும் அது என்னன்னு கேட்கலை. எழுதினவரும் சொல்லலை. சரி, விடுங்க.

மெட்ஃபார்மின் மேல இன்னும் எனக்குப் பிரியம் வரலை. ஆனா அதைக் கொலைகாரன்னு சொன்னதை வாபஸ் வாங்கிக்கறேன்.

எனக்கும் போன வருஷம் சர்க்கரை ஆரம்பம்னு சொன்னாங்க. புரதத்துக்கு எந்த டெஸ்ட் கேட்கணும்?

ஓய்வுபெற்ற_சிஸ்டர்
ஜனவரி 12, காலை 6.30

காலைச் சிறுநீரில் ‘ஆல்புமின் கிரியாட்டினின் விகிதம்’ என்று கேளுங்கள். 30க்குக் கீழே இருந்தால் நல்லது. வருஷத்துக்கு ஒரு தடவை அதுவும் ரத்தத்தில் கிரியாட்டினினும். இந்த வாரமே போங்கள் தம்பி.

பச்சைத்தேயிலை
ஜனவரி 31, இரவு 9.10

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். 12ஆம் தேதி போன் செய்ததும் அங்கிருந்த இளைய மருத்துவர் பழைய இரட்டை மாத்திரையையும் வலி மாத்திரையையும் அன்றே நிறுத்தச் சொன்னார். டாபா தொடரட்டும் என்றார். பொங்கலுக்கு நான்கு நாள் ஊரில் இருந்து ராத்திரி 2 மணிக்கு அலாரம் வைத்துக் குத்திப் பார்த்தேன்: 128, 141, 119, 133. அம்மாவுக்கு என் மேல் பயங்கரக் கோபம்.

நேற்று பெரிய மருத்துவரைப் பார்த்தோம். கிரியாட்டினின் 1.6, இஜிஎஃப்ஆர் 35. ஆல்புமின் விகிதம் நவம்பரில் 640 இருந்தது, இப்போது 410. காலைச் சர்க்கரை 150ஐ ஒட்டி இருக்கிறது, அப்பா அதைப் பார்த்துக் கவலைப்பட்டார். இந்த வயதில், இந்தச் சிறுநீரகத்தோடு 6.3 தேவையில்லை, சராசரி 7, 7.5 என்று நின்றால் எனக்குத் திருப்தி என்றார் மருத்துவர். மூன்று மாதம் கழித்து மறுபடி பார்ப்பார்களாம். 30க்குக் கீழே போனால் மெட்ஃபார்மினை எடுத்துவிட்டு லினாவும் டாபாவும் மட்டும், தேவைப்பட்டால் கொஞ்சம் இன்சுலின் என்று இப்போதே சொல்லி வைத்தார். ரத்தசோகைக்குத் தனியாக இரும்புச்சத்து பார்க்கச் சொல்லியிருக்கிறார்.

இரண்டு முழு அட்டையும் பதினொரு மாத்திரையும் என் பையில் இருக்கின்றன. அதை வைத்து அம்மா இன்று காலையில் ஒன்று கேட்டார், உங்களிடமும் கேட்கச் சொன்னார். கீழ்வீட்டு அக்காவுக்கும் சர்க்கரையாம். வீணாகப் போகாமல் அவருக்குக் கொடுத்துவிடலாமா?

கல்லாப்பெட்டி
ஜனவரி 31, இரவு 9.25

கீழ்வீட்டு அக்காவுக்கு உப்பு எவ்வளவு?